சிவப்புத் துணி தொங்கினால் பேசக்கூடாது

மக்கா, போன வாரம் காலாண்டு லீவில் ஒருநாள் மத்தியானம் நீங்கள் ரெண்டு பேரும் எனக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு தறிச்செட்டுக்கு வந்தீர்கள். அப்போது நான் லேப்டாப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அத்தனை தறி ஓடும் சத்தத்தையும் தாண்டி என் சத்தம் வாசல் வரை கேட்டதாம். "ஏம்ப்பா, யாரைப் போட்டு இந்த ஏச்சு ஏசுத?" என்று பெரியவன் கேட்டான். "ஒண்ணுமில்லலே, தூக்கை வச்சிட்டுப் போங்க" என்று நான் சொன்னேன்.

ஒன்றுமில்லை என்றது பொய். அந்தப் பொய்யைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவன் சிரிக்காமல் திருத்திப் படிக்க வேண்டும்.

சின்னவளே, உனக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச வேண்டிய வயதில் நீ பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் பேசவில்லை. இப்போது நீ பேசுகிற பேச்சுக்கு உன் அம்மா காதில் பஞ்சு வைக்கிறாள். ஆனால் அன்றைக்கு உன் வாயை மூடினவன் நான். கையை வைத்து மூடவில்லை. அட்டவணை போட்டு மூடினேன்.

கொரோனாவில் தறியெல்லாம் நின்றபோது பெரியவனுக்கு ஆறு வயது, நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். பதினோரு வருஷம் நான் வேலை பார்த்த தறிச்செட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சென்னையில் மிக்சி, கிரைண்டர் விற்கிற ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே போன் பேச ஆள் எடுத்தது. டைப்ரைட்டிங் நான் பாஸ் பண்ணியிருந்தேன், தமிழும் தெளிவாகப் பேசுவேன் என்று எடுத்துக்கொண்டார்கள். லேப்டாப்பும் ஹெட்செட்டும் கூரியரில் வந்தன. தமிழ்நாட்டில் எந்த மூலையில் மிக்சி ஓடாவிட்டாலும் அந்த வீட்டு அம்மா என் காதில் வந்து சொல்லுவார். "ஜாரைக் கழட்டி மறுபடி மாட்டிப் பாருங்கம்மா" என்று நான் சொல்லுவேன். இதுதான் வேலை. நல்ல வேலைதான். கை வலிக்காது, பஞ்சுத் தூசி கிடையாது. நான் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

நம் வீடு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு அறை, அதற்கடுத்து அடுப்படி, பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. அதற்கு அடுத்த சுவர் தறிச்செட். முன் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுநாளே ஊருக்கு நான் வேலையில்லாதவன் ஆகிவிட்டேன்.

"வீட்டுலதான இருக்க?" இந்த ரெண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதிர் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லுவார். வீட்டுலதான இருக்க. ரேஷனில் கூட்டம் இருக்கிறதா பார்த்துவிட்டு வரச் சொல்லுவார்கள். வீட்டுலதான இருக்க. உங்கள் மாமா ஒருநாள் ரயிலடியிலிருந்து போன் போட்டார். "மச்சான், வண்டியை எடுத்துட்டு வாங்க."

"நான் டூட்டியில இருக்கேன்."

"என்ன டூட்டி? வீட்டுலதான இருக்கீங்க. ரெண்டு மைலு."

"ஹெட்செட்டைக் கழட்டக்கூடாது மாப்ள."

"அதை மாட்டிக்கிட்டே வாங்களேன். ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வேலை வேலைதான் என்று இந்த ஊருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. கேட்டை உட்பக்கம் பூட்டினேன். அந்தப் பூட்டுக்கு வெளியே ஊர் இருந்தது. உள்ளே நீங்கள் இருந்தீர்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

தறியெல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த இந்த நேரத்தில்தான் கம்பெனி முதல்தடவையாக என் மார்க்கைக் குறைத்தது. நாங்கள் பேசுகிற போனையெல்லாம் அவர்கள் பதிவு செய்து கேட்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தரிடம் நான் பேசும்போது நீ அறை வாசலில் நின்று, "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாய். அந்த அம்மா, "தம்பி, பிள்ளை கூப்பிடுது, போய்த் தூக்கிட்டு வந்து பேசுங்க, மிக்சி எங்கயும் ஓடிறாது" என்றார். நல்ல மனுஷி. எங்கள் டீம் லீடர் என்னைவிடச் சின்னவன். சாயங்காலம் கூப்பிட்டு, "சார், பேக்ரவுண்ட்ல குழந்தைச் சத்தம். கஸ்டமருக்கு நாம ஆபீஸ்ல இருக்கிற ஃபீல் வரணும் சார்" என்றான்.

"தம்பி, பின்னால முப்பத்தாறு தறி ஓடுதே, அது கேக்கலையா?"

"அது ஹெட்செட்டே எடுத்துடும் சார். ஒரே மாதிரி வர்ற சத்தத்தை அது வெட்டிடும். மனுஷக் குரலை வெட்டாது."

புரிகிறதா மக்கா? அத்தனை தறி தடதடக்கிறது அந்த ஹெட்செட்டுக்குச் சத்தமே கிடையாது. நீ "ப்பா" என்று கூப்பிட்டதுதான் சத்தம். அன்றைக்கே அந்தக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய்ச் சார்ட் பேப்பர் வாங்கி வந்தேன்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அப்பா டூட்டி. ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு. குக்கர் ஒன்பதுக்கு முன்னால் விசில் அடித்துவிட வேண்டும். டி.வி. கிடையாது. பெரியவனின் ஆன்லைன் வகுப்பு அடுப்படியில். அவன் வகுப்பையும் டீச்சர் ம்யூட்டில்தான் வைத்திருந்தார், அது எனக்கு வசதியாகப் போயிற்று. உங்கள் அம்மா தைக்கிற நைட்டியில் மிஞ்சின சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து முன் அறை வாசல் நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். துணி தொங்கினால் யாரும் பேசக்கூடாது. துணியை எடுத்துவிட்டால் பேசலாம்.

அம்மாவின் தையல் மிஷினைப் பின் சாய்ப்புக்குத் தள்ளினேன். தகரத்துக்குக் கீழே, வெயிலில். அவள் மிஷினுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "பத்து வருசமா நானும் வீட்டுல இருந்துதான் வேலை பாக்கேன். அதுக்கு ஒரு பயலும் பேர் வைக்கல. உங்களுக்கு வந்ததும் பேரும் வந்துட்டு, சார்ட்டும் வந்துட்டு."

அது எனக்கு உறைக்கவில்லை. கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வீடாக இருந்தால் இந்த அட்டவணை ரெண்டு நாளில் கிழிந்திருக்கும். நம் வீட்டில் கிழியவில்லை. ஏனென்றால் நாம் தறிக்காரர்கள். தறிச்செட்டுக்குள் வாயால் பேச முடியாது, காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் பேசிக்கொள்ளுவோம். ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி வைத்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் டீ. மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியே போய்விட்டு வருகிறேன், தறியைப் பார்த்துக்கொள். நானும் உங்கள் அம்மாவும் அந்தச் செட்டில்தான் பழகினோம். கல்யாணம் பேசுவதற்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்ட பேச்செல்லாம் கையில்தான். அவள் அங்கே தார்க்கட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், நான் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கையைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். பசிக்கிறதா, வயிற்றைத் தட்டு. தண்ணீரா, கட்டை விரல். வெளிக்குப் போகணுமா, மணிக்கட்டைச் சுற்று. பெரியவன் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அது விளையாட்டு. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது தத்தித் தத்தி வாசலுக்கு வந்தாய். சிவப்புத் துணியை அண்ணாந்து பார்த்தாய். பிறகு நீயே உன் விரலை உன் உதட்டில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாய்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனி வாட்சப் குரூப்பில் அதைப் போட்டேன். எல்லாரும் கை தட்டுகிற பொம்மை போட்டார்கள். அதை எழுதவே இப்போது கை கூசுகிறது.

அதன் பிறகு என் மார்க் குறையவே இல்லை. அட்டவணையும் நான் போட்ட இடத்தில் நிற்கவில்லை. ஆறு மணிக்குத் துணியை எடுத்தால் ஆறரைக்கு டீம் லீடர் கூப்பிடுவான், "சார், ஒரே ஒரு கஸ்டமர்." மறுபடி துணி ஏறும். ஞாயிற்றுக்கிழமையும் ஏறும். முதலில் ஆறு மணிக்கு மேல் ஒரு போன் வந்தால்தான் துணி, பிறகு போன் வந்தாலும் வரலாம் என்று துணி, கடைசியில் அதை எடுத்து மாட்டுவதே சோம்பலாகி அது அங்கேயே கிடந்தது. எங்கிருந்தோ பேசுகிற முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் "சொல்லுங்கம்மா", "கண்டிப்பாங்க சார்" என்று தேனாக ஊற்றுவேன். சாயங்காலம் ஹெட்செட்டைக் கழற்றினால் எனக்கே வாய் வலிக்கும். நீங்கள் ஏதாவது கேட்டால் கையைத்தான் ஆட்டுவேன்.

தறிச்செட் முதலாளி அண்ணாச்சி ஒருநாள் கரண்ட் இல்லாத நேரத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, உள்ள ஆள் இருக்கியளா? என் தறி நின்னா நாலு தெரு சத்தம் கேக்குது, ஒன் வீட்டுலருந்து ஒரு பொட்டு சத்தம் வரலையே! ரெண்டு பிள்ளைய வச்சிருக்கியா, ரெண்டு பொம்மைய வச்சிருக்கியா?" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கம்பெனியும் பாராட்டியது. வருஷக் கடைசியில் என் போட்டோ போட்டு ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். பின்னணிச் சத்தமே இல்லாத ஊழியர் என்று. ஃப்ரேம் போட்டு மாட்டினேன்.

உனக்கு மூன்று வயது முடிந்த ஆடித்தபசுக்கு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். கூட்டம் நெரிகிறது, மேளம் அடிக்கிறார்கள், நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது. தோளில் இருந்தபடி நீ மேளக்காரரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாய். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். "மேளத்தையே அடக்குதாளே, கலெக்டரா வருவா" என்றார் ஒருத்தர். நானும் சேர்ந்து சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இவ வயசுப் பிள்ளைய எல்லாம் கதை சொல்லுதுங்க" என்றாள். "சில பிள்ளை லேட்டாப் பேசும்" என்றேன். அதையும் வாயால் சொன்னேனா, கையால் சொன்னேனா என்று நினைவில்லை.

மறு வருஷம் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மிஸ் வரச் சொன்னார். எனக்கு லீவு கிடைக்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில் வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன். மணியைப் பார்த்துக்கொண்டே மிஸ் முன்னால் நின்றேன்.

"சார், பாப்பாவுக்குக் காது கேக்குமா?"

"நல்லாக் கேக்கும் மிஸ்."

"பேசவே மாட்டேங்கிறா. கையைக் கையைக் காட்டுறா. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

அன்றைக்குக் காலையில் நீ மணிக்கட்டைச் சுற்றியிருக்கிறாய். வெளிக்குப் போகணும் என்று. நம் வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? மிஸ் நீ டான்ஸ் ஆடுவதாக நினைத்து, "சூப்பர்" என்று சொல்லியிருக்கிறார். மறுபடி சுற்றியிருக்கிறாய். மற்ற பிள்ளைகளும் உன்னைப் பார்த்துச் சுற்றியிருக்கின்றன. கடைசியில் பெஞ்சிலேயே பாவாடையை நனைத்துவிட்டாய். பிள்ளைகள் கத்தியிருக்கின்றன, சிரித்திருக்கின்றன.

"அழுதா சார். ஆனா சத்தமே வரல. கண்ணுல தண்ணி மட்டும் வந்துச்சு. நான் இப்படி ஒரு பிள்ளை அழுது பார்த்ததில்ல" என்றார் மிஸ்.

நீ ஓரத்தில் வேறு யாருடைய பாவாடையோ உடுத்திக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. என் கழுத்தில் ஹெட்செட் கிடந்தது. கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நீ உதட்டில் விரலை வைத்துக்கொண்டாய்.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை மக்கா. யார்மேல் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்டத் தெரியாது. பிள்ளைச் சத்தத்தைக் குற்றம் என்று எழுதி வைத்தவன்மேல், அந்த ஹெட்செட்டைச் செய்தவன்மேல், வீட்டுலதான இருக்க என்றவர்கள்மேல், எல்லாருக்கும் மேலாகச் சார்ட் பேப்பரில் கோடு போட்டவன்மேல்.

திருநெல்வேலிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன அறையில் உன்னை உட்கார வைத்து, மணி அடித்து, விசில் அடித்து, மிஷின் வைத்துப் பார்த்தார். காது சுத்தமாக இருக்கிறது, தொண்டையிலும் குறை இல்லை என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "வீட்ல பிள்ளைகிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டார்.

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்க என்று கையைத் திருப்பிக் காட்டினாள். நான் விரலை ஆட்டினேன், நீ சொல்லு என்று. பெரியவன் ரெண்டு பேருக்கும் நடுவில் நின்று அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சரி, புரிஞ்சிட்டு" என்றார். "இந்தப் பிள்ளைக்கு மருந்து நான் எழுத முடியாது. நீங்க மூணு பேரும் பேசுங்க. சண்டையாவது போடுங்க. வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. இப்பவே வந்தது நல்லது."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா பேச ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துப் பேச்சையும் அந்தப் பஸ்ஸிலேயே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பதுபோல. "ஏட்டி, இந்தா பாரு, கரண்டு காத்தாடி! எம்புட்டு உயரம் பாரு. சொல்லு, காத்தாடி. அங்கன பாரு, ஆடு. அந்தக் கெடா யாரை மாதிரி முறைக்குது? ஒங்கப்பாவை மாதிரி இல்ல?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பனவடலிசத்திரம் தாண்டும்போது என் போன் அடித்தது. டீம் லீடர். "சார், எப்ப லாகின் பண்ணுவீங்க? க்யூ நிறைய நிக்குது."

நான், "ஆஸ்பத்திரிக்கு வந்தேன் தம்பி" என்று மெதுவாகச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு. அந்தப் பழக்கம்.

உங்கள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஏ தம்பி, எம் பிள்ளைக்குப் பேச்சு வரல. அதுக்காக டாக்டரைப் பாத்துட்டு வாரோம். ஒங்க க்யூல நிக்கிற மிக்சிக்கெல்லாம் வாய் இருக்கு, எம் பிள்ளைக்கு இல்ல. வச்சிருதேன்." கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து ஒரு ஆள், "அப்படிக் கேளு தாயி" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம் வந்ததற்கு இப்போது அவமானப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைக் கிழித்தேன். சிவப்புத் துணியை அடுப்படிக் கரித்துணியாக அம்மா எடுத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடுவோம் என்றுதான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேலைய விட்டுட்டு வீட்டுல ஒக்காந்து மூஞ்சியத் தூக்கி வைக்கவா? வேலை இருக்கட்டும். அதை இந்த வீட்டை விட்டு வெளிய கொண்டு போங்க" என்றாள்.

எங்கே கொண்டு போவது? அப்போதுதான் அந்த டீம் லீடர் சொன்னது ஞாபகம் வந்தது. தறிச் சத்தத்தை ஹெட்செட்டே வெட்டிவிடும். மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். செட்டின் கடைசியில் பாவு நூலை உருட்டி வைக்கிற ஒரு சின்ன அறை இருக்கிறது, அதைக் கேட்டேன்.

"ஏலே, கூறு கெட்டுப் போச்சா? வீட்டுல சத்தம்னு தறிச்செட்டுக்குள்ள வந்து போன் பேசப் போறியா?"

"ஆமா அண்ணாச்சி."

"எவனுக்குக் கேக்கும்?"

"எல்லாருக்கும் கேக்கும். தறிதான் கேக்காது."

அவருக்கு நம்பிக்கை இல்லை. தறி ஓடும்போதே என்னை அந்த அறையில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய்த் தன் போனிலிருந்து என் கம்பெனிக்கே கூப்பிட்டு, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்து, "எங்க வீட்டு மிக்சில இழை அறுந்து போச்சு, நூல் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அறையைக் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கேதான் உட்காருகிறேன். ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடி அந்த அறையிலேயே பூட்டிவிட்டு வருகிறேன். ஆறரைக்குக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மார்க் குறைகிறது. குறையட்டும்.

ஆனால் முழுதாகத் திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. நம் வீட்டுச் சாய்ப்பைப் பார்த்தது. அம்மாவின் மிஷின் இருக்கிற இடம், நீங்கள் விளையாடுகிற இடம். உட்கார்ந்த முதல் நாளே நான் அந்த ஜன்னல் கதவை மூடி, அதன்மேல் தெர்மாகோல் அட்டையை வைத்து, அதற்கும் மேலே பழைய போர்வையை மடித்து நாலு மூலையிலும் ஆணி அடித்தேன். வீட்டில் நீங்கள் கத்தலாம். எனக்குக் கேட்கக்கூடாது. புத்தி அப்படி.

நீ முதல்முதலாகச் சத்தம் போட்டது அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். பயிற்சிக்குப் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சின்னச் சின்ன வார்த்தை வரும், அதுவும் காற்று மாதிரி. அன்றைக்குப் பெரியவன் உன் தட்டிலிருந்து முறுக்கை எடுத்திருக்கிறான். நீ எழுந்து நின்று, "ஏலே! குடுலே!" என்று கத்தியிருக்கிறாய். எதிர் வீட்டுக்காரர் கேட்டாராம். தெருவில் தண்ணீர் எடுத்தவர்கள் கேட்டார்களாம். பெரியவன் முறுக்கைக் கீழே போட்டுவிட்டானாம். அம்மா தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு செட்டுக்குள் ஓடி வந்தாள். நான் ராஜபாளையத்து அம்மா ஒருத்தருக்கு ஜாரின் ரப்பரை எப்படி மாட்டுவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டினேன். பொறு என்று.

நாலடி தூரம்தான் மக்கா. நாலடி தூரத்தில் என் மகள் வாய் திறந்து கத்தினாள், நான் கேட்கவில்லை. போர்வையை வைத்து அடைத்திருந்தேன். அதற்குப் பிறகு உன்னை எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொல்லுவாய், "ஏலே குடுலே." அது அது இல்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். டீம் லீடர் மாறிவிட்டான். இப்போது இருப்பது ஒரு பொண்ணு, மரியாதையாகத்தான் பேசும். "சார், புதுசா வீட்டிலிருந்து வேலை பாக்க நிறைய பேர் சேர்ந்திருக்காங்க. வீட்டையும் வேலையையும் எப்படி பேலன்ஸ் பண்றதுன்னு நீங்க பத்து நிமிஷம் பேசணும். பழைய ரெக்கார்டு பார்த்தேன், ரெண்டு வருஷத்துக்கு மேல உங்க வீட்ல ஒரு சத்தம்கூட பதிவாகல. சின்னக் குழந்தை வேற இருந்திருக்கு. அந்த சீக்ரெட்டை எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க" என்றது.

அப்போதுதான் கத்தினேன். "அதைச் சொல்லிக் குடுத்தா போலீசு என்னைப் பிடிக்கணும்மா! பிள்ளைச் சத்தம் கேக்கலைன்னா அந்த வீட்டுக்கு யாராவது ஆள் அனுப்பிப் பாத்தீங்களா? சான்றிதழ்லா அனுப்புனீங்க!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், ஒன்றும் தெரியாது. அழுகிற மாதிரி, "சாரி சார்" என்றது. அந்த நேரத்தில்தான் நீங்கள் தூக்கோடு நின்றீர்கள்.

மறுநாள் அந்தப் பொண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்து நிமிஷம் பேசவும் ஒத்துக்கொண்டேன். ஆனால் நான் சொல்லப் போவது அவர்கள் கேட்டது இல்லை. போன் பேசும்போது பிள்ளை வந்து கூப்பிட்டால், கஸ்டமரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். மிக்சி எங்கேயும் ஓடிவிடாது என்று அந்தத் தூத்துக்குடி அம்மா சொன்னதையும் சொல்லுவேன். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். சான்றிதழ் இருந்த ஃப்ரேமில் இப்போது உன் எல்.கே.ஜி. போட்டோ இருக்கிறது. அம்மா மாற்றினாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. நீங்கள் மூன்று பேரும் மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனேன். அந்த அறையில் லைட்டைப் போட்டு, குறடை எடுத்துப் போர்வையின் நாலு மூலை ஆணியையும் பிடுங்கினேன். ஒரு ஆணி துருப்பிடித்து வரவில்லை, சுற்றியிருந்த காரையைக் கொத்தி எடுத்தேன். தெர்மாகோல் கையோடு பொடிந்து வந்தது. ஜன்னல் கதவு இறுகிப் போயிருந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தேன். அந்தப் பக்கம் அம்மாவின் மிஷின், அதற்குக் கீழே உன் ஒற்றைச் செருப்பு. கதவு காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க, தறியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற ஒரு பழைய நாடாக் கட்டையை இடுக்கில் செருகி, அசைகிறதா என்று ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன்.